சோதனைக்கு அதிகாரி வந்த அன்று: உங்கள் அனுபவம் என்ன?

தோசைக்கல்:
2012 என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில், உணவங்காடி நிலையத்தில் மாமியாரின் தோசைக்கடை. கடை முகப்பில் சுத்தத்துக்கான தரம் ‘பி’ என்று ஒட்டியிருந்த காலம். காலை பத்தரை, கூட்டம் வடிந்த நேரத்தில் அதிகாரி வந்தார். சீனப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார், சட்னிக்குள் தெர்மாமீட்டரைச் செருகினார், குப்பைத்தொட்டியைப் பார்த்தார். எல்லாம் சரி. அப்புறம் மேசைக்கு அடியில் குனிந்தார். மறுநாளுக்கு ஆட்டிய மாவு, பெரிய வாளியில், தரையில்.

“அன்ட்டி, இது ஏன் வெளியே இருக்கிறது?”

அத்தைக்கு ஆங்கிலம் தடுமாறும். மலாயில் ஆரம்பித்தார்: புளிக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்தால் பொங்காது. அந்தப் பெண்ணுக்கு மலாய் புரியவில்லை. கடைசியில் அத்தை மூடியைத் திறந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து, தமிழிலேயே “கேளும்மா” என்றார். அந்தப் பெண் நிஜமாகவே குனிந்து வாளியில் காதை வைத்தார். மாவு குமிழ் விடும் சத்தம். சிரித்துவிட்டார். அப்புறம், புளிக்க வைத்தது பிரச்சினை இல்லை, தரையில் வைத்ததுதான் பிரச்சினை என்று சொல்லி எழுதிக்கொண்டார். அபராதம் இல்லை, எச்சரிக்கைதான்.

வாளியைத் தரையில் வைத்தது நான். அலமாரியில் இடமில்லை, அவசரம். அத்தை பத்து நிமிடம் “சாரி, சாரி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஈசூன்வாசி:
எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பரோட்டாக் கடை. ஒருநாள் காலையில் இறங்கினால் ஷட்டர் மூடி, மேலே அறிவிப்பு. கரப்பான் தொல்லை. அப்போது சுகாதார விதியை மீறினால் குற்றப் புள்ளி போடுவார்கள், 12 மாதத்துக்குள் 12 சேர்ந்தால் கடையை மூட வேண்டும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டு வாரம் மூடச் சொல்லிவிட்டார்கள்.

மூடியதுகூடப் பெரிதில்லை. கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் உணவுப் பாதுகாப்பு வகுப்புக்குத் திரும்பப் போய்த் தேற வேண்டும், இல்லாவிட்டால் அடுப்படிப் பக்கம் வர முடியாது. மாவு வீசுகிற பாயை லிஃப்ட் வாசலில் பார்த்தேன். முப்பது வருடமாக வீசுகிறவர். கையில் பாடக் குறிப்பு. “தம்பி, கை எத்தனை விநாடி கழுவணும்னு கேட்டா இருபதுன்னு சொல்லணும்தானே?” என்றார். தேர்வுக்குப் போகும் பிள்ளையின் முகம். நான் “ஆமா பாய்” என்றேன், வேறு என்ன சொல்ல? கடை திறந்த பிறகு அவர் என்னிடம் முன்போலப் பேசுவதில்லை. நான் அதைப் பார்த்திருக்கக் கூடாதோ என்னவோ.

பழைய ஆள்:
தோசைக்கல், வாளிக் கதை அழகு. ஆனால் ஈசூன்வாசி, பாய் பாவம், அதிகாரி வில்லன் என்கிற மாதிரி எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரே குற்றத்துக்கு 12 புள்ளி விழாது. முன்பே பிடித்திருப்பார்கள், அவர்கள் திருந்தியிருக்க மாட்டார்கள்.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தைக்கு அருகில் வேலை செய்தேன். ஒரு மதியம் ரொஜாக் (பொரித்த துண்டுகளைக் காரச் சாஸில் தொட்டுச் சாப்பிடுவது) வாங்கப் போனேன். வரிசை நீளம், திரும்பி வந்து மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டேன். அவ்வளவுதான் என் கதை. அந்த ரொஜாக்கால் 154 பேருக்கு உடம்பு கெட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். பச்சைக் கடல் உணவிலிருந்து சமைத்ததற்குக் கிருமி தாவியது என்றார்கள். எனக்கு முன்னால் பச்சைக் குடையோடு ஓர் அம்மா நின்றார். அவர் வாங்கினாரா, நகர்ந்து போனாரா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

ஈசூன்வாசி:
வில்லன் என்று நான் எங்கே எழுதினேன்? மறுபடி படியுங்கள் அண்ணே.

கேட்டரிங் அக்கா:
எங்கள் சமையல்கூடத்தில் சோதனை வந்தபோது ஒரு பையன் பயத்தில் குளிரறைக்குள் ஒளிந்துகொண்டான், அவ்வளவுதான். தோசைக்கல், உனக்குச் சொல்கிறேன். முதலில் தரையிலிருந்து உயர்த்தி ஒரு ரேக் வாங்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். வாளி மேல் ஆட்டிய தேதி, நேரம் எழுதி ஒட்டு. தெர்மாமீட்டர் உன்னிடமே ஒன்று இருக்கட்டும், அதிகாரி செருகிப் பார்க்கும்வரை காத்திருக்காதே. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சட்னி, சாம்பார் எதையும் தூங்கவிடாதே, கிருமிக்கு அதுதான் கல்யாண மண்டபம். தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரை. விசேஷ ஆர்டர் எடுத்தால் சமைத்த நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் சொல்லிவிடு. பச்சைக்கு ஒரு பலகை, வெந்ததற்கு ஒரு பலகை. நிறம் வேறாக இருந்தால் பங்களாதேஷ் தம்பிகளுக்கும் சுலபம். பூச்சி மருந்து அடிப்பவரின் ரசீதை ஃபைலில் போட்டு வை. கையில் புண் இருந்தால் நீல நிறப் பிளாஸ்டர், தோல் நிறம் வேண்டாம், மாவில் விழுந்தால் தெரியாது. கிரைண்டர் கல்லுக்கு அடியில் தேய்க்கிறாயா? அங்கேதான்

தோசைக்கல்:
அக்கா, கடையை 2016-லேயே விட்டுவிட்டோம்.

கேட்டரிங் அக்கா:
அப்படியா. பாதியில் அனுப்பிவிட்டேன் பாரு. சரி, வீட்டு கிரைண்டருக்கும் அதேதான். அத்தை நன்றாக இருக்கிறாரா?

தோசைக்கல்:
இருக்கிறார். இப்போதும் வாளி மூடியைத் திறந்து பேரனைக் கேட்கச் சொல்வார். சீனப் பிள்ளைக்கே கேட்டது என்பார்.