மெக்ரே நாவல் 75ஐயும் வரிசையாப் படிக்கோணுமா, கெடச்சதப் படிச்சாப் போதுமா?

நொய்யல்காரன் (திருப்பூர்)
எல்லாருக்கும் வணக்கமுங்க. மார்கழில காச்சல்ல படுத்திருந்தப்ப ஃப்ரெண்டு ஒருத்தன் மெக்ரே புக் ஒண்ணு குடுத்துட்டுப் போனான், மெக்ரேங்கற பாரிஸ் போலீஸ்காரர் கதை, எழுதுனது ஜார்ஜ் சிமெனோன். அன்னைக்குப் புடிச்சது இன்னும் விடல, இதுவரைக்கும் 9 முடிஞ்சுது. எனக்கு இங்கிலீஷ் பையருக்கு மெயில் போடற அளவுக்குத்தான் வரும், ஆனா இது டிக்சனரியே தொடாம ஓடுது.

வேடிக்கை என்னன்னா கொலை பண்ணுனவன் யாருன்னு ரெண்டே நாள்ல மறந்து போயிருது. மறக்காதது மெக்ரேவோட ஆபீஸ் ரூம்ல இருக்கற கரி அடுப்பு. பில்டிங் பூராவும் ஹீட்டர் போட்டதுக்கப்புறமும் இத மட்டும் எடுக்காதீங்கன்னு கேட்டு வெச்சுக்கிட்டாரு, அப்பப்ப எந்திரிச்சுப் போயி கம்பில கெளறி விட்டுட்டு அதுக்கு முதுகக் காட்டி பைப் புடிச்சுட்டு நிப்பாரு, வெளிய மழை, சீன் ஆத்து மேல பனி, ராத்திரி பூராவும் ஒருத்தன விசாரிக்கறப்ப பக்கத்துக் கடைல இருந்து பீரும் சாண்ட்விச்சும் மேல வரும். நான் படிக்கறது பங்குனி வெயில்ல, கரண்ட் வேற இல்ல, ஆனா காலு சில்லுனு இருக்குதுங்க, பொய் சொல்லல.

சந்தேகம் இதுதான். ஒரு புக்ல ரிட்டயர்டு ஆகி கிராமத்துல வீடு பாத்துட்டுப் போயிட்டாரு. சரி, பாவம்னு அடுத்தத எடுத்தா மறுபடி ஆபீஸ்ல உக்காந்திருக்காரு! நான் மாத்திப் படிச்சுட்டனா? வூட்டுக்காரி வேற 75 முடிக்கறதுக்குள்ள நீங்களே ரிட்டயர்டு ஆயிருவீங்கங்கறா.

வாய்க்காமேட்டு அக்கா (அறச்சலூர் பக்கம்)
தம்பி நீங்க தப்பாப் படிக்கல, தப்பு சிமெனோன் மேல. 1931ல ஆரம்பிச்சு மூணு வருசத்துல 19 எழுதித் தள்ளிட்டு, 1934ல ரிட்டயர்டு பண்ணி அனுப்பிட்டாரு, இனிப் போதும்னு. அப்புறம் சிறுகதைல திரும்பக் கூட்டியாந்து, 40கள்ல நாவலுக்கே வந்து, கடைசி ஒண்ணு வந்தது 1972ல. அதனால வயசுக் கணக்கெல்லாம் பாக்காதீங்க, நாப்பது வருசமா அந்த மனுசன் அம்பது வயசுலயே நிக்கறாரு. வரிசை அவசியமே இல்ல. எந்த மெக்ரேவும் தனியா நிக்கும்.

பாஷை லேசா இருக்கறதும் தெரிஞ்சே பண்ணுனது. எல்லாருக்கும் தெரிஞ்ச கொஞ்ச வார்த்தைய வெச்சுத்தான் எழுதுவேன்னு இருந்தவரு. அதும் ஒரு நாவலுக்கு எட்டு பத்து நாள்தான்.

அடுத்தது எதுன்னு கேட்டா கால்வாய்ல நடக்கறதப் படிங்க, 'தி கார்ட்டர் ஆஃப் லா ப்ராவிடன்ஸ்', 1931ல வந்தது. மதகுக்குப் பக்கத்துல குதிரைக் கொட்டாய்ல வைக்கப்பில்லுக்கு அடில ஒரு பொம்பளையோட பொணம். படகக் குதிரை கட்டி இழுக்கறாங்க, மழைன்னா மழை, கரை பூராவும் சேறு, அதுல மெக்ரே சைக்கிள மிதிச்சுட்டுப் போறாரு. நான் இதப் படிச்சது எங்க தோட்டத்துல, கீழ்பவானி வாய்க்கால்ல ஆகஸ்ட் 15 தண்ணி தொறந்து விட்டு நாலஞ்சு நாள் இருக்கும். நம்ம வாய்க்கால்ல படகு எங்க போகுது, தேங்கா மட்டைதான் போகும். ஆனா மதகுல தண்ணி விழற சத்தம் கதைலயா காதுலயான்னு தெரியல. அம்மா நெம்ப நேரமா கூப்புட்டிருக்காங்க, மாடு அவுத்துட்டுப் போனதே எனக்குத் தெரியாது.

தறிச்சத்தம் (சோமனூர்)
எல்லாரும் அடிக்க வராதீங்க, எனக்கு இவரு ஆகலைங்க. ஆறு படிச்சுட்டு மூடி வெச்சுட்டேன். துப்பு எங்க, முடிச்சு எங்க? மழை பேயுது, பைப் புடிக்கறாரு, சம்பந்தப்பட்டவன் தெருவுல போயி ரெண்டு நாள் உக்காந்திருக்காரு, மறுபடி மழை. கடைசில அவனே ஒத்துக்கறான். எனக்கெல்லாம் நம்மூரு ராஜேஷ்குமார்தான், விவேக் ரூபலா கதை ஒண்ண கோயமுத்தூர்ல பஸ் ஏறறப்ப வாங்குனா ஊர் வர்றதுக்குள்ள பாதி ஓடியிருக்கும், மீதிய முடிக்காம சோறு எறங்காது.

ஒண்ணு ஒத்துக்கறேன், லோன்யோன்னு ஒரு இன்ஸ்பெக்டர் அப்பப்ப வருவான் பாருங்க, எப்பப் பாத்தாலும் சளி, வூட்டுல சீக்காளிப் பொண்டாட்டி, கஷ்டப்பட்டுத் துப்புப் புடிப்பான், பேரு மட்டும் வேற ஆளுக்குப் போயிரும். அவன மறக்க முடியல. எங்க தறிப்பட்டறைல அதே மாதிரி ஒரு ஃபிட்டர் இருக்காரு.

நாப்பதாவது கொண்டை ஊசி (வால்பாறை)
தறிச்சத்தம் அண்ணா, நீங்க சொன்ன கொறைதான் எங்களுக்கு ருசி. அவரு துப்பு தேடறதில்ல, செத்துப்போன ஆளு எந்தக் கடைல டீ குடிச்சான், வூட்டுல என்ன கொழம்பு வாசம், படிக்கட்டுல யாரு எட்டிப் பாக்கறாங்கன்னு ஊற வெச்சுக்கிட்டே இருக்கறாரு, ஊறுனதுக்கப்புறம் தானா தெரியுது. நம்மூரு பெருசுங்க பஞ்சாயத்துக்கு முன்னாடி ரெண்டு தரப்பு வூட்டுலயும் போயி மோர் குடிச்சுட்டு வருவாங்களே, அது மாதிரின்னு வெச்சுக்கங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, நாம மழை மழைங்கறோம், புக்ல தேடிப் பாத்தா மழையப் பத்தி ஒண்ணு ரெண்டு வரிதான் இருக்கும். ஓவர்கோட் கனத்துப் போச்சு, ஷூவுக்குள்ள தண்ணி, அவ்வளவுதான். மிச்சத்த நாமதான் பேஞ்சுக்கறோம். ஆடி மாசம் இங்க எஸ்டேட் லைன்ல ஒரு வாரம் துணி காயாது, சட்டைல ஒரு ஈர நாத்தம் நிக்கும், அந்த நாத்தம்தான் எனக்கு மெக்ரே. கீழ ஆழியாறு எறங்கி வெயில்ல அதே புக்க எடுத்தா சப்புன்னு இருக்குது, என்ன பண்றதுன்னு தெரியல.

75ம் இங்கிலீஷ்ல புதுசா மொழிபெயர்த்து பெங்குவின்காரங்க 2013ல இருந்து 2020 வரைக்கும் போட்டு முடிச்சுட்டாங்க, அதனால தேடி அலைய வேண்டியதில்ல. ஒரு யோசனை, மாசம் ஒண்ணுக்கு மேல வேண்டாம். நான் லாக்டவுன்ல ஒரே மாசத்துல 14 படிச்சேன், பதினாலும் ஒண்ணா கலந்து போச்சு.

நொய்யல்காரன்
அக்கா, வாய்க்கா புக் வாங்கிட்டேன், நேத்து நைட் ஷிப்ட்ல ட்ரக் வர லேட்டாச்சு, அட்டைப்பெட்டி மேல உக்காந்து மூணு சேப்டர் ஓடிருச்சு. வைக்கப்பில்லு கொட்டாய் தாண்டி சைக்கிள் மிதிக்கற எடத்துல இருக்கேன், பெடல்ல சேறு ஒட்டறது வரைக்கும் தெரியுது. கொலையாளி பேர யாரும் போட்டுறாதீங்க. தறிச்சத்தம் அண்ணா, உங்களத்தான் சொல்றேன்.