செட்டிநாட்டு வீட்டுக்கு ஏற்ற திருட்டு அலாரம்: ஆலோசனை தேவை

காரைக்குடி அருகே எங்கள் பூர்வீக வீட்டில் சென்ற சித்திரையில் பொருத்திய வயர்லெஸ் திருட்டு அலாரம், யாரும் நுழையாமலேயே பிற்பகலில் அலறுகிறது. இரண்டாம் கட்டின் (வீட்டின் உட்பகுதியின்) கதவைத் திறந்தாலோ சில வேளை ஒலிப்பதே இல்லை. வயதான பெற்றோர் மட்டுமே அங்கு இருப்பதால் இதை இப்படியே விட மனமில்லை.

சிம் கார்டுடன் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்கும் கருவி அது. அறைகளில், நகரும் உடல் வெப்பத்தை உணரும் அகச்சிவப்பு சென்சார்களும், கதவுகளில், அவை திறப்பதை உணரும் காந்த சென்சார்களும் உள்ளன. திறந்த முற்றத்தில் புறாக்கள் இறங்குகின்றன, வெயிலில் தரையும் கொதிக்கிறது. அகச்சிவப்பு சென்சாரின் உணர்திறனைக் குறைத்து, அதன் முகத்தை முற்றத்திலிருந்து திருப்பி, பேட்டரிகளையும் மாற்றினோம். அலறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இரண்டாம் கட்டுச் சிக்கலுக்குத் தடித்த சுண்ணாம்புச் சுவர்களே காரணம் என்று கருதுகிறேன், ஏனெனில் அலாரத்தின் மையக் கருவியை முற்றத்துக்குக் கொண்டுவந்தால் அதே கதவு தவறாமல் பதிவாகிறது.

தேக்கு நிலையின் பூவேலைப்பாட்டில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருக்கிறார், அது நியாயமே. அந்த நிலையின் மீது சென்சாரின் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி கண்ணை உறுத்துகிறது.

இத்தகைய பழைய வீட்டில், அகச்சிவப்பும் மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை சென்சார்களுடன், மரத்தோடு ஒத்துப்போகும் நிறத்தில் நீங்கள் பொருத்தி, ஒரு கோடையைத் தாண்டியும் பிழையின்றி இயங்கும் அமைப்பு எது?