சரிவில் இறங்கினால் டிராக்டர் ஜி.பி.எஸ். ‘ஃபிக்ஸ்’ போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டொங்காட் பக்கம் கரும்பு நடவு டிராக்டர், ஆர்.டி.கே. வழிகாட்டியோடு (ஓரிடத்தில் நிற்கும் ‘பேஸ்’ நிலையம் ரேடியோவில் அனுப்பும் திருத்தத்தை வைத்து ஜி.பி.எஸ்.ஸை செ.மீ. அளவுக்குத் துல்லியமாக்கும் முறை). மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் ‘ஃபிக்ஸ்’ (துல்லிய நிலை) போய் ‘ஃப்ளோட்’ (தோராய நிலை) வருகிறது, 2 செ.மீ.க்குள் நின்ற பிசகு அரை மீட்டர்வரை ஏறி, சால் கோணிவிடுகிறது. சாட்டிலைட் எண்ணிக்கை மட்டும் 18-க்குக் குறைவதே இல்லை. ஆனால் திருத்த சிக்னலின் வயது (கடைசியாக வந்து எவ்வளவு நேரம் என்பது) 1 விநாடியிலிருந்து 20-ஐத் தாண்டுகிறது. ஆக, கோளாறு வானத்தில் இல்லை, பேஸ் ரேடியோ வரும் வழியில்தான், மேடு மறைக்கிறது.

ரேடியோ ஆன்டெனா கேபிள் மாற்றியாயிற்று. பச்சை பூத்திருந்த கனெக்டர் முனையையும் சுத்தம் செய்தாயிற்று. மேட்டு நிலத்தில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது.

மேட்டு உச்சியில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைப்பதா, சிம் போட்டு மொபைல் இணையம் வழியாக ட்ரிக்நெட் (நாட்டின் அரசு பேஸ் நிலைய வலையமைப்பு) திருத்தம் வாங்குவதா? அதன் நிலையம் 30 கி.மீ. தள்ளியிருந்தால் கிலோமீட்டருக்கு 1 மி.மீ. வீதம் 3 செ.மீ. பிசகு கூடும், அதுதான் யோசனை. சரிவு நிலத்தில் ரிப்பீட்டர் வைத்தவர்கள் கம்பத்தின் உயரமும் பேட்டரி அளவும் சொல்லுங்கள், மழைக்கு முன் நடவு முடியவேண்டும்.