ஆவணங்கள் விக்கியில் இருக்கட்டுமா, கிட்டுக்குப் போகட்டுமா?

கரிசல்காடு:
நம் தமிழ் விசைப்பலகைத் திட்டத்தின் ஆவணங்கள் எல்லாம் இப்போது விக்கியில், அதாவது யாரும் உலாவியிலேயே திருத்தக்கூடிய இணையப் பக்கங்களில் கிடக்கின்றன. அவற்றை மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட உரை) கோப்புகளாக்கி, நிரல் இருக்கும் அதே கிட் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்தில் ஒரு அடைவில் வைக்கலாம் என்கிறேன்.

போன வாரம் புதிதாக வந்த ஒரு தம்பி, நிறுவல் பக்கத்தை வரி வரியாகப் பார்த்துச் செய்திருக்கிறார். நாலாவது வரியில் சொல்லியிருக்கும் அமைப்புக் கோப்பின் பெயரை நாம் இரண்டு வெளியீடுகளுக்கு முன்பே மாற்றிவிட்டோம். தன் கணினியில்தான் கோளாறு என்று ராத்திரி பதினோரு மணிவரை போராடியிருக்கிறார். பெயரை மாற்றியவன் நான்தான். விக்கிப் பக்கம் அப்போது என் நினைவுக்கே வரவில்லை. ஆவணமும் நிரலும் ஒரே இடத்தில் இருந்தால், மாற்றத்தைச் சரிபார்ப்பவர் “ஆவணத்தைத் திருத்தினீர்களா?” என்று அங்கேயே கேட்டுவிடுவார்.

பிழைதேடி:
அந்தத் தம்பியை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அண்ணா, விக்கியை மூடினால் எழுதுகிறவர்களை இழந்துவிடுவோம். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையை விளக்கும் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். அதை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ‘அக்கா’ என்று அடிக்க அ, க, க, ஆ என நாலு தட்டு போதும், நடுவில் உள்ள புள்ளி தானாக விழும் என்று அவர் விளக்கியிருப்பதைப் போல நம்மில் யாரும் எழுதியதில்லை. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் உலாவியிலேயே திருத்திவிட்டுப் போகிறார். அவரிடம் போய் கிட்டில் கிளை (திருத்துவதற்கான தனிப் பிரதி) எடுங்கள், இழு கோரிக்கை (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்புங்கள் என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்வார்.

லினக்ஸ் இயங்குதள விநியோகங்களில் ஒன்றான ஆர்ச் லினக்ஸின் விக்கியைப் பாருங்கள். இன்னொரு விநியோகமான உபுண்டு வைத்திருப்பவர்கள்கூட அங்கே போய்த்தான் படிக்கிறார்கள். விக்கி என்பதால் அதன் தரம் குறைந்துவிட்டதா?

கரிசல்காடு:
ஆர்ச் உதாரணம் நமக்குப் பொருந்தாது. அது தொடர்ந்து புதுப்பிக்கப்படும் விநியோகம். இன்றைய நிலையை மட்டும் சொன்னால் போதும். நம் பயனர்களில் பலர் பள்ளிக் கணினிகளில் பழைய பதிப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். பதிப்புக்கு ஒரு ஆவணம் வேண்டும். பைத்தான் மொழியின் ஆவணங்கள் அதன் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருப்பதால்தான் 3.8-க்குத் தனியாக, 3.12-க்குத் தனியாக நம்மால் படிக்க முடிகிறது.

மொசில்லாவின் எம்டிஎன் (இணைய உருவாக்குநர்களுக்கான ஆவணத் தளம்) 2005-இல் தொடங்கி பதினைந்து வருடம் விக்கியாக இருந்தது. 2020 டிசம்பரில் அவர்களே கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு மாறினார்கள். ஒவ்வொரு திருத்தமும் இப்போது இன்னொருவர் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறது.

நெய்தல்:
எம்டிஎன் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பிறகு, பராமரிக்க ஆள் இல்லாத மொழிகளின் பக்கங்களை எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு, ஜப்பானியம் போலத் தன்னார்வலர் குழு இருந்த சில மொழிகள்தான் நின்றன. மொழிபெயர்ப்பு வேலை செய்கிற எனக்கு இது சின்ன விஷயமில்லை. பார்த்து ஏற்க ஆள் இருந்தால்தான் கிட் உதவும். போன மாதம் நான் அனுப்பிய திருத்தம் மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

அப்புறம், இடத்தைவிடப் பெரிய சிக்கல் கலப்படம். நம் நிறுவல் பக்கம் தமிழ்99-இன் வரலாற்றோடு தொடங்குகிறது. கட்டளை வருவதற்குள் இரண்டு திரை உருட்ட வேண்டும். இணையதளம் கட்ட உதவும் பைத்தான் சட்டகமான ஜாங்கோவின் ஆவணங்களில் பயிற்சி, விளக்கம், செய்முறை, குறிப்புதவி என்று நாலாகப் பிரித்திருப்பார்கள். அவசரத்தில் வருபவருக்கு எங்கே போக வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

கரிசல்காடு:
மூன்று வாரம் கிடந்தது என் தவறு அக்கா. இனி ஆவணத் திருத்தங்களை வாரம் ஒருமுறை நானே உட்கார்ந்து பார்க்கிறேன். பிரிக்கும் யோசனையும் சரி. நிறுவல், அமைப்புக் கோப்பு இரண்டும் ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறுபவை. முதலில் அவற்றை மட்டும் கிட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

பிழைதேடி:
அந்த இரண்டுக்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. விக்கியில் பழைய பக்கத்தை அழிக்காமல், புதிய இடத்துக்கு இணைப்பு போடுங்கள். பலர் அதைத்தான் குறித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்99 பக்கத்தை மட்டும் இப்போது தொட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.