டக் ஜெனரேட்டரில் ஆர்.பி.எம். ஊசலாடுகிறது – கவர்னர் கார்டு வாங்கும் முன் ஒரு சந்தேகம்

டக்_செகண்ட்
வணக்கம். காக்கிநாடா பக்கம் ஓடும் ஒரு டக்கில் (இழுவைக் கப்பலில்) செகண்ட் இன்ஜினியராக இருக்கிறேன். இரண்டு ஜெனரேட்டர்கள், இரண்டும் ஒரே மாடல். ஆறு சிலிண்டர், 1500 ஆர்.பி.எம்., 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டீசல் பம்ப் இன்லைன்தான், ஆனால் கவர்னர் (இன்ஜின் வேகத்தை நிலையாக வைக்கும் அமைப்பு) எலக்ட்ரானிக், அதற்கு ஒரு கார்டு. கார்டு சொல்கிறபடி அசையும் ஒரு ஆக்சுவேட்டர் வெளியே உட்கார்ந்து லிங்க் வழியாக பம்ப் லீவரை இழுக்கும்.

இரண்டாம் நம்பர் மட்டும் தொல்லை கொடுக்கிறது. ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் 50 ஹெர்ட்ஸ் 48.5-க்கு இறங்கும், 51-க்கு ஏறும், சற்று நிற்கும், மறுபடி இறங்கும். ஏர் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனால் 46 வரை விழுந்து மெதுவாகத்தான் மேலே வருகிறது. பேரலலில் (இரண்டு செட்டும் சேர்ந்து லோடு எடுக்கும்படி) போடவே பயமாக இருக்கிறது, ரிவர்ஸ் பவரில் (மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்து) டிரிப் ஆகிவிடுகிறது.

இன்ஜின் மேல் இருக்கும் ஃபியூல் ஃபில்டர்கள் இரண்டும் மாற்றியாகிவிட்டது. ஆபீசில் புது கவர்னர் கார்டு ஆர்டர் போடலாம் என்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

கரண்ட்_காரன்
முதலில் ஒன்று. ஹெர்ட்ஸ் ஆடும்போது வோல்ட்டும் சேர்ந்து ஆடுகிறதா, வோல்ட் மட்டும் தனியாக ஆடுகிறதா? ஹெர்ட்ஸ் நேராக நின்று வோல்ட் மட்டும் ஆடினால் அது ஏ.வி.ஆர். (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) சமாச்சாரம், இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை.

ஹெர்ட்ஸ்தான் ஆடுகிறது என்றால், ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் ஸ்பீடு சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், அதைத் துடையுங்கள். திருப்பி மாட்டும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும், ஃப்ளைவீலின் ஒரு பல் நேர் எதிரே வந்திருக்க வேண்டும். பல்லில் மெதுவாக முட்டும் வரை திருகி, முக்கால் சுற்று பின்னால் எடுத்து லாக் நட் போடுங்கள். கிராங்க் செய்யும்போதே சென்சாரில் ஒரு வோல்ட் ஏ.சி.க்கு மேல் வர வேண்டும். ஃப்ரீக்வென்சி பார்க்க மீட்டர் இருந்தால், பற்களின் எண்ணிக்கையை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 60-ஆல் வகுங்கள். 118 பல் என்றால் 1500-இல் 2950 ஹெர்ட்ஸ் காட்டும்.

இன்னொரு வசதி உங்களுக்கு இருக்கிறது. இரண்டு செட்டும் ஒரே மாதிரி. கார்டை மாற்றி மாட்டிப் பாருங்கள், காசு செலவில்லை. கார்டில் கெயின் (எவ்வளவு வேகமாகத் திருத்தும் என்பது), ஸ்டெபிலிட்டி (ஆடாமல் நிற்பது) ஸ்க்ரூ இருக்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத் தொடுங்கள்.

டக்_செகண்ட்
சென்சார் முனையில் நிறையத் தூள் இருந்தது, துடைத்தேன். கிராங்கில் 2 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. கார்டும் மாற்றிப் பார்த்தேன் சார். ஒன்றாம் நம்பர் இந்த இரண்டாம் நம்பர் கார்டோடு சமத்தாக ஓடுகிறது. இரண்டாம் நம்பர் அந்தக் கார்டிலும் அதே ஆட்டம்தான். வோல்ட் பெரிதாக ஆடவில்லை.

பழைய_சீஃப்
கார்டு தப்பித்தது. ஆர்டரை நிறுத்தச் சொல்லு தம்பி.

இப்போது ஆட்டத்தின் தாளத்தைக் கவனி. ஒரே சீராக, ஏறி இறங்கி ஏறி இறங்கி என்று கடிகாரம் மாதிரி ஆடினால் கவர்னர் அல்லது லிங்க். பெரும்பாலும் லோடு இல்லாதபோது ஆடும், லோடு ஏற்றினால் அடங்கும். லோடு ஏற்றினால் மட்டும் ஸ்பீடு விழுந்து எழவே இல்லை என்றால் டீசல் போதவில்லை, எங்கோ அடைப்பு, அல்லது ராக் (பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழுத் தூரம் போகவில்லை. தாளமே இல்லாமல், நினைத்த நேரத்தில் விழுந்து எழுந்தால் டீசலில் காற்று அல்லது தண்ணீர். நீ எழுதியதில் "சற்று நிற்கும், மறுபடி இறங்கும்" என்று இருக்கிறதே, அது எனக்குக் காற்று மாதிரிதான் படுகிறது.

லிங்கையும் விட்டுவிடாதே. இன்ஜினை நிறுத்தி, ஆக்சுவேட்டர் லிங்கைக் கழற்றி, பம்ப் லீவரை விரலால் தள்ளிப் பார். வழவழவென்று போய், விட்டதும் ஸ்டாப் பக்கம் தானே திரும்ப வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் அதுவே வியாதி. லிங்கின் பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தாலும் ஹன்டிங் (இந்த ஆர்.பி.எம். ஊசல்) வரும்.

ஓடும்போது லீவரைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொல்லி யாராவது எழுதுவார்கள். செய்யாதே. கை நழுவினால் இன்ஜின் ஓவர்ஸ்பீடு போய்விடும்.

டக்_செகண்ட்
லிங்க் நன்றாக இருக்கிறது, லீவர் எங்கும் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகு யோசித்தால் இன்னொன்று: டே டேங்க் (ஜெனரேட்டருக்கு டீசல் தரும் டேங்க்) பாதிக்குக் கீழே போனால் ஆட்டம் அதிகமாகிறது. ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. ஆனால் எங்குமே ஒரு சொட்டு டீசல் கசியவில்லையே?

பம்ப்_பட்டறை_தூத்துக்குடி
கசியாது அண்ணே. ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) முன்னால் இருக்கும் பைப்பில் உறிஞ்சல் இருக்கும். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்ப் தாண்டிய பிறகுதான் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

எங்களிடம் "பம்ப் ரிப்பேர்" என்று வரும் பாதி வேலை இதுதான். பம்பை டெஸ்ட் பெஞ்சில் போட்டால் கணக்காக இருக்கும், திரும்பப் படகில் மாட்டினால் பழைய கதை.

ஒரு கேன் டெஸ்ட் போடுங்கள். சுத்தமான டீசல் 20 லிட்டர், ஃபீட் பம்பைவிட உயரத்தில் கட்டி வைத்து, பம்பின் இன்லெட்டுக்கு நேராக ஒரு ஹோஸ். ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குத் திருப்புங்கள், குமிழி வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஏர் எடுத்துவிட்டு லோடில் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் பம்ப், கவர்னர், நாசில் எல்லாம் நல்லது. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். கேனை டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காதீர்கள். ஒரு ஆள் தீயணைப்பானோடு பக்கத்தில் நிற்கட்டும், டெஸ்ட் முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள்.

டக்_செகண்ட்
கேனில் 50 ஹெர்ட்ஸ் அசையவே இல்லை! கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனபோதும் லேசாக இறங்கி உடனே ஏறிவிட்டது. முதல் ஒரு நிமிடம் ரிட்டர்னில் சோடா மாதிரி குமிழி வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை.

அங்கிருந்து டேங்க் பக்கமாகப் போனோம். கிடைத்தது இரண்டு. வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தின் ஓ-ரிங் தட்டையாகிக் கல் மாதிரி இருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. டேங்க் அடியில் இருக்கும் குயிக் குளோசிங் வால்வு (தீ விபத்தில் தூரத்திலிருந்து இழுத்து மூடுவது) பாதிதான் திறந்திருந்தது. மாதாந்திர டெஸ்டில் இழுத்துவிட்டு ரீசெட் செய்தபோது முழுசாகத் திறக்கவில்லை போல.

பழைய_சீஃப்
இரண்டும் சேர்ந்துதான் வேலையைக் காட்டியிருக்கின்றன. வால்வு பாதி மூடியதால் உறிஞ்சல் கூடியது, உறிஞ்சல் கூடியதால் செத்த ஓ-ரிங் வழியாகக் காற்று வந்தது. டேங்க் நிறைந்திருந்தால் டீசலின் எடை கொஞ்சம் காப்பாற்றியிருக்கும், அதனால்தான் பாதிக்குக் கீழே போனதும் மோசமானது.

ஓ-ரிங் நைட்ரைல் ரப்பரா என்று பார்த்து வாங்கு. கடையில் கையில் கிடைத்த கறுப்பு ரிங்கைப் போட்டால், டீசலில் ஊதிப் போய் மறுபடி இதே இழைக்கு வருவாய்.

டக்_செகண்ட்
மாற்றியாகிவிட்டது, நன்றி சார். கடைசியாக ஒன்று: கார்டுகள் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டன. எனக்கு முன் மாற்று ஆளாக வந்த ரிலீவர் கெயினைத் திருப்பியிருப்பார் என்று சந்தேகம், இரண்டு கார்டிலும் ஸ்க்ரூ வேறு வேறு இடத்தில் நிற்கிறது.

கரண்ட்_காரன்
லோடு இல்லாமல் ஓட்டி, இன்ஜின் நடுங்க ஆரம்பிக்கும் வரை கெயினை மெதுவாக ஏற்றுங்கள், நடுக்கம் அடங்கும் வரை இறக்கி, இன்னும் ஒரு துளி இறக்குங்கள். ஸ்டெபிலிட்டியும் அப்படியே. பிறகு கம்ப்ரசரைப் போட்டு எடுத்துப் பாருங்கள். லோடு மாறும்போது ஹெர்ட்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் தாவக் கூடாது, 5 விநாடிக்குள் நிலைக்கு வர வேண்டும். கிளாஸ் சர்வேயரும் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பின் ஆள்) இதைத்தான் கேட்பார். பேரலலில் லோடு பங்கு சரியாக வராவிட்டால் இரண்டு கார்டிலும் ட்ரூப் (லோடு ஏற ஏற வேகம் எவ்வளவு குறையலாம் என்ற அளவு) ஒரே அளவா என்று பாருங்கள், அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.