வென்ற தொழிலதிபர்களிடம் டெல்டாப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வது?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, தொழிலில் வென்ற ஒருவருடைய வாழ்க்கையைப் படித்துப் பேசலாம் என்று சில பேர் கிளம்பியிருக்கிறோம். எங்கள் பக்கம் பட்டம் முடித்த பையனுக்குத் தெரிகிற வழி குரூப் தேர்வு, திருப்பூர், சென்னை, விட்டால் சிங்கப்பூர். சொந்தமாக ஒரு தொழில் என்பது வீட்டுப் பேச்சிலேயே வருவதில்லை.

முதலில் இரண்டு பேரை எடுத்திருக்கிறேன். ஹட்சன் ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாயில் ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளோடு சென்னையிலேயே மல்லுக்கு நிற்காமல், அவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். அடுத்து கடலூர் சி.கே. ரங்கநாதன். 1983-ல் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு ஆரம்பித்தார். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு உறையானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். கடைக்காரர்களுக்குச் சிக் பழகிய பிறகு, சிக் உறைக்கு மட்டும்தான் என்று மாற்றினார். ஒரு ரூபாய் வைத்திருக்கிறவரையும் வாடிக்கையாளராக மதிக்கிற மனசு, பொறுமை, சிறிதாகத் தொடங்கும் துணிச்சல், இவைதான் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். வேறு யாரைச் சேர்க்கலாம்?

பட்டுக்கோட்டைத் தென்னை:

நோக்கம் நல்லது அண்ணே. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் வந்தபோது, அப்பா கையால் நட்டு வளர்த்த தோப்பு படுத்துவிட்டது. அவரிடம் இல்லாத உழைப்பா? மட்டையைக்கூட வீணாக்காத மனிதர். கடைசிப் பிள்ளையின் கல்யாணத்துக்கு அந்தத் தோப்பைத்தான் நம்பியிருந்தார். புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உழைப்பும் பொறுமையும் இருந்தால் ஜெயிக்கலாம் என்று சொன்னால், தோற்றவரிடம் அவை இல்லை என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைப் பற்றி அப்படி நினைப்பதை நான் விட மாட்டேன்.

அப்புறம், அந்த 13,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? குடும்பச் சொத்தை விற்று வந்தது. 1970-ல் அது சின்னத் தொகையா? குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவன் விற்பதற்கு என்ன வைத்திருக்கிறான்? ரங்கநாதனின் அப்பா சின்னி கிருஷ்ணன், சின்ன உறையில் அடைத்து விற்பதை முன்னோடியாகச் செய்து பார்த்தவர். மகன் வெளியே வந்தபோது கையில் பணம் குறைவு, சரி. தொழில் தெரிந்துதானே வந்தார்? இதையெல்லாம் விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் சொன்னால் அது அரைக் கதை.

சிங்கையில் மன்னை:

தென்னை, உங்கள் அப்பாவுக்கு நடந்தது பெரிய இழப்பு. அதை வைத்துப் பிள்ளைகளைத் தொழில் பக்கமே போகாமல் தடுக்காதீர்கள்.

நான் மன்னார்குடிக்காரன், இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறேன். என் வயதுப் பையன்கள் ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தை ஊரிலேயே ஒரு தொழிலில் போட்டிருந்தால் பாதிப் பேர் இங்கே வந்திருக்க மாட்டோம். யாரும் எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. நிலம் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை கடை வைத்தால் கௌரவக் குறைச்சல் என்று பேசின பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று சொல்லி அனுப்பத் தெரிந்தது. வாசலிலேயே தேட முடியும் என்று காட்ட ஆள் இல்லை.

ஸ்ரீதர் வேம்பு தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்த குடும்பம். 1996-ல் தொடங்கிய, இன்று ஜோஹோ என்கிற மென்பொருள் கம்பெனியை வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்த்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிறார்கள். அவர் வாழப் போனது தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு. கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கலாம் என்றால், எங்கள் மன்னார்குடியில் ஏன் முடியாது? இந்தக் கேள்வி ஒரு பிள்ளை மனதில் விழுந்தால் போதும், வாசிப்பு வட்டம் நடத்தின பலன் கிடைத்துவிடும்.

பட்டுக்கோட்டைத் தென்னை:

தம்பி, நான் தடுக்கவில்லை. முழுக்கதையையும் சொல்லுங்கள் என்கிறேன். வேம்பு ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கே வேலை பார்த்த பிறகு தொழிலுக்கு வந்தவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. வாரத்துக்கு எழுபது மணிநேரம் உழையுங்கள் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-ல் இளைஞர்களுக்குச் சொன்னார். எங்கள் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள் இருட்டோடு எழுந்து, சமைத்து வைத்து, வயலில் நின்று, திரும்பி வந்து மாட்டையும் பிள்ளையையும் பார்க்கிறார்கள். அதையும் வேலை என்று எண்ணினால் எழுபதைத் தாண்டும். அவர்கள் யாரும் தொழிலதிபர் ஆகவில்லையே, ஏன்? இதை உங்கள் வட்டத்தில் கேட்பீர்களா?

ஆலைவீட்டுப் பெண்:

நீங்கள் எல்லோரும் தொடங்கின கதையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு இதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

கும்பகோணம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை இருந்தது. அறுவடை நேரத்தில் வியாபாரிகள் மூட்டைக்குள் கையை விட்டு அடிநெல்லை எடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதுவார்கள், கருக்காய், அதாவது பதர், எவ்வளவு பறக்கிறது என்று தெரியும். ஒரு நெல்லைப் பல்லில் கடிப்பார்கள். நறுக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். அந்தக் கடியை வைத்து விலை குறைப்பதில்தான் அத்தனை விளையாட்டும். விவசாயி வாயில் கடித்தால் நறுக், வியாபாரி வாயில் நசுக். ஈரம் பார்க்கும் கருவி வந்ததும் அப்பா அதை வாங்கி, எண் தெரிகிற பக்கம் விவசாயியைப் பார்த்து இருக்கும்படி முக்காலியில் வைத்தார். பக்கத்து ஆலைக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள்.

அப்புறம் எடை. அறுபது கிலோ மூட்டைக்கு அறுபத்திரண்டு கிலோ பிடிப்பது வழக்கம், சாக்கு, கழிவு என்று கணக்கு. அப்பா சாக்கு எடையை மட்டும் கழிப்பார், அதையும் சீட்டில் தனி வரியாக எழுதுவார். பேசின விலை இரண்டு நாளில் இறங்கிப்போனாலும் பேசினதையே கொடுப்பார். ஏறிப்போனால் விவசாயி வேறு இடத்துக்கு ஓட்டிவிடக் கூடாது என்பதற்கும் அதுதான் வழி என்பார். இது வெறும் நல்ல குணம் இல்லை, தொழில் கணக்கும் சேர்ந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது. அடுத்தவர் காசும் நெல்லும் உன் கைக்கு வந்த பிறகு நீ என்ன செய்தாய்? எந்தத் தொழிலதிபரை எடுத்தாலும் இந்தக் கேள்வியை வைத்துப் படியுங்கள். ஸ்ரீராம் குழுமம் ஆர். தியாகராஜன் 1974-ல் சீட்டுக் கம்பெனி தொடங்கினார். வங்கிகள் வாசலில் நிறுத்திவைத்த பழைய லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுக்கிற தொழிலை வளர்த்தார். கடைசியில் தன் பங்குகளை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று ஊரே சொன்னபோது, அவர்களைப் பற்றி விசாரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்த மனிதர். எனக்கு அவர்தான் முதல் வாரத்துக்கு.

பட்டுக்கோட்டைத் தென்னை:

அக்கா, உங்கள் ஆலை இப்போது ஓடுகிறதா?

ஆலைவீட்டுப் பெண்:

இல்லை. பெரிய நவீன ஆலைகள் வந்தன. கறுத்துப்போன அரிசியைப் பொறுக்குகிற சார்டெக்ஸ் இயந்திரம் இல்லாமல் அரிசி விற்காத நிலை வந்தது. அதற்கு வங்கிக் கடன் வாங்கி இறங்க அப்பாவுக்கு வயதில்லை. மூடினோம்.

நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரியும். நேர்மையாக இருந்தும் நிற்கவில்லையே என்று. ஆமாம், நிற்கவில்லை. நேர்மை இருந்தால் லாபம் வரும் என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். மூடின அன்று ஒரு விவசாயிக்கும் பாக்கி இல்லை. டெல்டாவில் கரும்பு கொடுத்துவிட்டு ஆலைப் பணத்துக்காக வருஷக் கணக்கில் நின்றவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

குடந்தைக் கணக்கர்:

வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆலைவீட்டு அம்மா சொன்ன கேள்விக்கு நம் பக்கத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது.

1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. வெள்ளைக்காரர் கம்பெனி, ஊரில் முதல் மரியாதை. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதில் போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அதற்கு முந்தின நாள் வரை வெற்றி பெற்றவர் யார் என்று பட்டியல் போட்டிருந்தால் அவர் பெயர்தான் மேலே இருந்திருக்கும். பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் திருவிடைமருதூரில் பிறந்தவர். அந்த அடியிலிருந்துதான், நம் மக்கள் பணம் நம் வங்கியில் இருக்கட்டும் என்று அவர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி வந்தது.

அதற்கும் முன்பே, 1904-ல் கும்பகோணத்தில் கும்பகோணம் பேங்க் தொடங்கிவிட்டார்கள். அதுதான் இன்றைய சிட்டி யூனியன் பேங்க். தலைமை அலுவலகம் இன்றும் குடந்தையில்தான். இதைத் தனி ஒரு மனிதரின் சாதனையாக யாரும் சொல்ல முடியாது, பல பேர் சேர்ந்து நடத்தினது. ஒற்றை நாயகனைத் தேடாமல், பல வருஷமாகக் கணக்கை மூடாமல் நடத்தின இடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திருபுவனத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற தூரம்தான்.

சிங்கையில் மன்னை:

ஐயா, கூட்டுறவு, வங்கி எல்லாம் சரி. பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு மனிதனின் முகம் வேண்டும். சரவண பவன் ராஜகோபாலை எடுங்கள். புன்னையடி என்ற சின்ன ஊரில் பிறந்து, 1981-ல் ஒரு ஓட்டலில் தொடங்கி எத்தனை நாடுகளுக்குப் போனார்! தொழிலாளிக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு என்று பார்த்தார். இங்கே அவர்கள் கிளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பட்டுக்கோட்டைத் தென்னை:

அவர் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். 2001-ல் நடந்த கொலை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது, ஜூலையில் இறந்துபோனார். கொல்லப்பட்டவரின் மனைவி அந்த ஓட்டலில் வேலை பார்த்தவரின் மகள். தொழிலாளிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும். கும்பிட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு முதலாளியிடம் கேள்வி கேட்கத் தெரியாது. அதனால்தான் இவர்களிடம் வாழ்க்கைப் பாடம் தேடுவதே வேண்டாம் என்கிறேன். தொழில் கற்றுக்கொடுங்கள், வாழ்க்கை கற்றுக்கொடுக்க அவர்கள் யார்?

பூண்டி வாத்தியார்:

தென்னை கடைசியாகக் கேட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொழில் வேறு, வாழ்க்கை வேறு என்று பிரித்துவிட்டால், எடையில் ஏமாற்றுகிறவனுக்கும் அதே சமாதானம் கிடைத்துவிடும்.

திருத்துறைப்பூண்டிக்காரனாக நான் ஒரு பெயர் சொல்கிறேன், ஆதிரெங்கம் நெல் ஜெயராமன். இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வாரிடம் பழகி, மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களைத் தேடி நூற்றெழுபதுக்கும் மேல் மீட்டவர். 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் விதி. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்த இரண்டு கிலோ எத்தனை மாவட்டத்துக்குப் போயிருக்கிறது! மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் இன்று பாக்கெட் போட்டு விற்கிற கடைகள் அவருக்குக் கடன்பட்டவை. 2018 டிசம்பரில், கஜா அடித்த சில வாரங்களில் புற்றுநோயால் போய்விட்டார்.

வெண்ணாற்றங்கரை:

வாத்தியார் ஐயா, ஜெயராமன் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு. ஆனால் அவரைத் தொழிலதிபர் என்று சொல்ல முடியுமா? லாபம் அவருடைய நோக்கமே இல்லை. பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைப்பது சம்பாதிக்கிற வழி. தியாகம் செய்தவர்களை மட்டும் காட்டினால், நல்லவன் ஏழையாகத்தான் இருப்பான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதுவரை பேசினதில் எனக்குச் சில விஷயம் தெளிவாகியிருக்கிறது. சந்திரமோகனும் ரங்கநாதனும் பட்டியலில் இருப்பார்கள், முதல் பணம் எங்கிருந்து வந்தது என்பதோடு. தியாகராஜன் முதல் மாதம். கும்பகோணம் பேங்க் கதையைக் கணக்கர் ஐயாவே நேரில் வந்து சொன்னால் நல்லது. ராஜகோபாலை வைக்கவில்லை.

பட்டுக்கோட்டைத் தென்னை:

தொழில் நடத்தி மூடினவர் ஒருவரையும் ஒவ்வொரு மாதமும் பேசவையுங்கள். ஆலைவீட்டு அக்காவின் அப்பாவைப் போல. அவர் வந்து, எந்த மாதம் பணம் முடங்கியது, சார்டெக்ஸுக்கு என்ன விலை சொன்னார்கள், வட்டி எவ்வளவு என்று சொல்லட்டும். அது இல்லாமல் நடத்தினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

ஆலைவீட்டுப் பெண்:

அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் கூப்பிட்டால் வருவார். பழைய பேரேடுகள் வீட்டில் இருக்கின்றன, எடுத்து வருகிறேன். பிள்ளைகள் ஒரு போகத்தின் பற்று வரவை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கட்டும். தயவுசெய்து தை, மாசி வேண்டாம். சம்பா அறுவடை நேரத்தில் பாதிப் பிள்ளைகள் நெல்லைக் காவல் காத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில்தான் இருப்பார்கள்.

சிங்கையில் மன்னை:

மூடினவர் பேசட்டும், மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசி முடித்ததும் பிள்ளைகள் நேராகக் குரூப் தேர்வு வகுப்புக்குப் போய்விடக் கூடாது. அதனால் அதே நாளில் மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஒருவரை அழையுங்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு, அதற்குத் திட்ட அறிக்கை எழுதுவது எப்படி, வங்கி மேலாளர் என்ன கேட்பார் என்று அவர் சொல்லட்டும். தென்னை கேட்டாரே, விற்கச் சொத்து இல்லாதவனுக்கு என்ன வழி என்று. மானியம் போக மீதிக்கு வங்கி ஜாமீன் கேட்குமா, யார் கொடுப்பது என்பதை அங்கேயே நேருக்கு நேர் கேட்டுவிடலாம்.

பட்டுக்கோட்டைத் தென்னை:

அந்தக் கூட்டத்துக்கு நானே வருகிறேன். அவரிடம் கேட்க என்னிடம் நிறைய இருக்கிறது.