நெட்டையனின் ஜாபை முறிப்பது தலையா, காலா?

கயிறோரம்:
உயரம் குறைந்த பாக்சர் நெட்டையனின் ஜாபை, அதாவது முன்னால் நிற்கும் கையால் நேராகப் போடும் குத்தை, சமாளிக்கத் தலையை நம்பினால் போதும் என்பது என் கட்சி. சாட்சி 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய சண்டை. அலி 6 அடி 3 அங்குலம், கைநீளம் 78 அங்குலம். ஃப்ரேசியர் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு, கைநீளம் 73. அப்படியிருந்தும் 15 ரவுண்டு முடிவில் ஒருமனதாக ஃப்ரேசியருக்கே கொடுத்தார்கள். அலியின் இடது கை நீளும் நேரத்தில் ஃப்ரேசியர் இடுப்பை மடக்கித் தன் இடப்பக்கம் தாழ்ந்துவிடுவார். தாழும்போதே எடை முழுக்க இடது காலில் ஏறிவிடும், நிமிரும்போது அது ஹூக்காக, கையை வளைத்துப் போடும் குத்தாக, வெளியே வரும். தப்பிப்பதும் அடிப்பதும் ஒரே அசைவு. கடைசி ரவுண்டில் அலியை மல்லாக்க விழவைத்தது அந்த இடது ஹூக்தான்.

இன்னொன்று. தோள் உயரத்துக்கு நேராகக் குத்தினால்தான் கை முழு நீளத்துக்கும் எட்டும். கீழே குனிந்திருப்பவனைக் குத்தக் கை சரிந்து இறங்க வேண்டும், அதிலேயே ஓரிரு அங்குலம் போய்விடும்.

ஒன்பதாவது ரவுண்ட்:
ஜெயித்த ஃப்ரேசியர் அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. அத்தனை ஜாபும் காற்றிலா போனது?

இடப்பக்கம் தாழ்கிறீர்கள், சரி. அங்கே காத்திருப்பது எதிராளியின் வலது கை. அவனுக்கு அப்பர்கட்டும் (கீழிருந்து மேலே வரும் குத்து) தெரிந்திருந்தால் குனிகிற முகம் தானாகவே போய் அதில் மோதும். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் செய்தது அதுதான். ஃப்ரேசியரின் தோளைப் பிடித்துத் தள்ளி, தனக்கு வேண்டிய தூரத்தில் நிறுத்தி, குனியும்போதெல்லாம் அடித்தார். இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில். அதே தலை, அதே இடுப்பு!

தலை போதாது, காலும் தன் ஜாபும் வேண்டும் என்பது என் கட்சி. என் சாட்சி உசிக். 2024 மே, ரியாத், ஃப்யூரியோடு மோதிய சண்டை. ஃப்யூரி 6 அடி 9, உசிக் 6 அடி 3, கைநீளத்தில் 7 அங்குலம் வித்தியாசம். உசிக் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் தன் ஜாபைப் போட்டுக்கொண்டே இருந்தார். அதைத் தடுக்க ஃப்யூரி கையை இறக்கியாக வேண்டும், இறக்கிய கையிலிருந்து ஒழுங்கான ஜாப் வராது. குள்ளமானவனுக்கு ஜாப் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஒரு சண்டையைப் பார்த்தால் போதும்.

கயிறோரம்:
நடு ரவுண்டுகளில் அதே உசிக்கை ஃப்யூரி அப்பர்கட்டால் ஆட்டி வைத்தாரே, அது எந்தக் கணக்கில் வரும்? உசிக்குக்குக் கிடைத்த தீர்ப்பும் 2-1 தான். மேலும் உசிக் இடதுகைக்காரர். இடதுகைக்காரருக்கும் வலதுகைக்காரருக்கும் முன்னால் நிற்கும் கைகள் நேருக்கு நேர் வரும், ஜாபை வழியிலேயே தட்டிவிடலாம். நம்மூர்ப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் வலதுகை. இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய?

ஒன்பதாவது ரவுண்ட்:
டிசம்பரில் மறுபடியும் மோதினார்கள், மூன்று ஜட்ஜுகளும் 116-112 என்று உசிக்குக்கே எழுதினார்கள். அதிர்ஷ்டம் இரண்டு தடவை வராது.

வலதுகைக்காரர் வேண்டுமென்றால் அலியோடு மோதிய கென் நார்ட்டன், 1973 மார்ச், சான் டியாகோ. அலி ஜாப் போடும்போது அவருடைய வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது என்பதை நார்ட்டனின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் கவனித்திருந்தார். அதனால், வலது உள்ளங்கையில் அலியின் ஜாபை வாங்கிக்கொண்டு அதே நொடியில் நீயும் ஜாப் போடு என்று சொல்லிக்கொடுத்தார். அந்தச் சண்டையில் அலியின் தாடையே உடைந்தது.

கயிறோரம்:
நார்ட்டன் குள்ளமா? அலிக்குச் சமமான உயரம். அலியைத் தோற்கடித்த கதைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

பழைய கையுறை:
இரண்டு பேரும் ஜாபைத் தாண்டுவதோடு நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே போன பிறகு நெட்டையன் என்ன செய்வான்? கட்டிப்பிடிப்பான்.

2013 அக்டோபர், மாஸ்கோ, நெட்டையன் விளாதிமிர் க்ளிட்ச்கோவும் பொவெட்கினும். பொவெட்கின் 2004 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், உள்ளே நுழையத் தெரியாத ஆளில்லை. நுழைந்தார். ஒவ்வொரு தடவையும் க்ளிட்ச்கோ கழுத்தில் கையைப் போட்டு, நெஞ்சை முதுகில் சாய்த்து, தன் மொத்த எடையையும் அவர் மேல் இறக்கினார். நூறு கிலோவுக்கு மேல். நடுவர் ஒரு புள்ளி குறைத்ததே 11-ஆவது ரவுண்டில்தான். தீர்ப்பு 119-104, க்ளிட்ச்கோவுக்கு. 1974-இல் அலியும் ஃப்ரேசியரிடம் இதையேதான் செய்தார், கையைப் பிடரியில் போட்டுப் போட்டு அழுத்தியே ஜெயித்தார். ஆக, தலையும் காலும் ஒரு பக்கம் இருக்கட்டும். நடுவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

ஞாயிறு ஸ்பாரிங்:
அண்ணே, இதெல்லாம் பன்னிரண்டு, பதினைந்து ரவுண்டுக் கதை. அமெச்சூரில் மூன்றே ரவுண்டு. வயிற்றில் அடித்து ஆளைத் தளர்த்துவதற்குள் மணி அடித்துவிடும். என்னைவிட அரையடி உயரமானவனை நான் என்ன செய்வது?

பழைய கையுறை:
தம்பி, ஜாபுக்காகக் காத்திருக்காதே, அவனைப் போட வை. தோளை லேசாக அசைத்தால் முக்கால்வாசி நெட்டையன்கள் பதறிக் கையை நீட்டுவார்கள். நீட்டிய கையைத் தாடைக்குக் கொண்டுபோகாமல் நெஞ்சு உயரத்துக்கு இழுப்பவர்களும் நிறையப் பேர். கை திரும்பும்போது அதோடு சேர்ந்து உள்ளே போ. இரண்டு குத்து, அப்புறம் பக்கவாட்டில் விலகு. நேராகப் பின்னால் வந்தால் அடுத்த ஜாப் மூக்கில்தான்.

ஒன்பதாவது ரவுண்ட்:
இதைத்தான் நான் முதலிலிருந்தே கால் என்று சொல்கிறேன்.

கயிறோரம்:
உள்ளே போகும்போது தலையை நட்ட கம்பம் மாதிரி வைத்துக்கொண்டா போவான்? 1990 டோக்கியோவில் டக்ளஸோடு மோதிய மைக் டைசன் அப்படித்தான் போனார். டக்ளஸின் கைநீளம் 83 அங்குலம், டைசனுக்கு 71. முன்பெல்லாம் ஓயாமல் ஆடிய தலை அன்றைக்கு நின்றுபோனது, ஜாப் ஒவ்வொன்றும் வந்து உட்கார்ந்தது. இடது கண் வீங்கி மூடியபோது வீக்கத்தை அமுக்கும் இரும்புகூட அவருடைய மூலையில் நின்ற உதவியாளர்களிடம் இல்லை, ரப்பர் கையுறையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தார்கள்.

ஒன்பதாவது ரவுண்ட்:
அன்றைக்குத் தலை மட்டுமா நின்றது? டைசன் தன் ஜாபையும் கைவிட்டார், ஒற்றைக் குத்தை எதிர்பார்த்துக் காலும் நின்றது. மூன்றும் போனபின் தலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். முதல் மூன்று ரவுண்டை மறுபடி போட்டு அவருடைய முன்காலை மட்டும் பாருங்கள், பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.